பாதத்துக்குத் தெரிந்த ஆறு

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்தில் ஒரு வழக்கம். காவி வாங்குகிறவர், அன்று விடியலில் தனியாக ஆற்றில் இறங்கி, அம்மன் அபிஷேகத்துக்கு நடு ஆற்றில் ஒரு குடம் நீர் மொண்டு வரவேண்டும். கோடையில் இடுப்பளவுத் தண்ணீர்தான். பொடிசுகள்கூடக் கும்மாளம் போடும்.

சங்கரபாண்டியன் மட்டும் இரண்டு முறை இறங்கி, இரண்டு முறையும் வெறுங்குடத்தோடு திரும்பியிருந்தார். சிறுவயதில் அவர் கண்ணெதிரே அண்ணனைக் கொண்டுபோன ஆறு அது. முழங்கால் நனைந்ததுமே அன்றைய வெள்ளம் காதில் இரையும். கண்ணை இறுக மூடிக்கொண்டு மந்திரம் சொல்லிப் பார்த்தார். மூடிய கண்ணுக்குள் வெள்ளம் இன்னும் பெரிதாக வந்ததுதான் மிச்சம். இன்றும் முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

படித்துறையில் குரு உலகம்மை உட்கார்ந்திருந்தார். சீடரைவிட இரண்டு வயது இளையவர். வாதத்தில் கால் முடங்கியதால், அவர் ஆற்றில் இறங்கி வெகுகாலமாயிற்று.

"அம்மா, அந்த நாளை எப்படி மறக்க?" என்றார் சங்கரபாண்டியன்.

அம்மா நடு ஆற்றைக் கைகாட்டினார்.

"எனக்கொரு உதவி செய்யுங்க. நான் குடம் எடுக்கப் போனப்ப, நடு ஆத்துல ஒரு கல் கால்ல தட்டுப்பட்டுச்சு. வழுவழுன்னு, நடுவுல சின்னக் குழி. அதுல குதிகாலை வச்சா அவ்வளவு சுகம். இப்பவும் கெடக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. எனக்குத்தான் இறங்கக் கொடுத்து வைக்கலை."

"இப்பவா?"

"பின்னே? உங்க கால் நல்லாத்தானே இருக்கு."

சங்கரபாண்டியன் குடத்தோடு இறங்கினார்.

"கால்ல என்ன?" கரையிலிருந்து குரல் வந்தது.

"பாசி. வழுக்குது."

"அப்புறம்?"

"மணல். விரல் இடுக்குல நுழையுது."

"அப்புறம்?"

சங்கரபாண்டியனுக்கு மூச்சு இரைத்தது. வெள்ளம் காதில் இரையத் தொடங்கியிருந்தது.

"கால்ல என்னன்னு கேட்டேன்!" அம்மா அதட்டினார்.

"சில்லுனு... கூழாங்கல்லும்மா. இல்லை, இது கல்லில்லை. ஓரம் கூரா இருக்கு. மட்டி! மட்டிச் சிப்பிம்மா!"

அதற்குமேல் அம்மா கேட்கவில்லை. சங்கரபாண்டியன் தன்பாட்டுக்குக் காலால் துழாவிக்கொண்டே நடந்தார்.

திரும்பி வந்தபோது குடம் நிறைந்திருந்தது.

"நானும் அண்ணனும் கால்விரலாலயே மட்டி எடுப்போம்மா. அவன் சரியான கள்ளன். நான் எடுத்ததையும் சேர்த்துத் தன் துண்டுல முடிஞ்சுக்கிட்டு ஓடுவான்."

சொல்லும்போதே சிரித்துவிட்டார். கண்ணும் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக அண்ணன் என்றாலே அவருக்கு வெள்ளம்தான். அவன் சிரித்துக்கொண்டு ஓடியது இன்றுதான் நினைவுக்கு வந்தது.

"கல்லு?" என்றார் அம்மா.

"எவ்வளவோ துழாவிட்டேன், காணோம். ஏதோ ஒரு வெள்ளத்துல போயிருக்கும்."

அம்மா தன் முடங்கிய பாதத்தை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"போயிருக்கும். ஆனா இந்தக் காலைக் கேட்டா, இன்னும் இங்கதான் கெடக்குன்னு சொல்லுது."