வாசலில் நின்று காட்டிய மேனேஜர்

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே மேனேஜர் வேதநாயகம் வைத்ததுதான் சட்டம். புதிதாகச் சேர்ந்த பூவிழி எழுதிய புரோகிராம், சர்வர் கம்ப்யூட்டரிடம் ஒரு பொருளின் விலையைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மற்ற வேலைகளைப் பார்த்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கேட்டா, பதில் வர்ற வரைக்கும் அதே இடத்துல நிக்கணும். அசையக் கூடாது. இன்னைக்கே மாத்து. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சார், பதிலும் அதே வழியாத்தானுங்க உள்ளே வரணும். புரோகிராம் மறிச்சு நின்னா பதில் உள்ளே வராம ஸ்கிரீன் அப்படியே நின்னு போயிரும்."

"எனக்கே பாடம் எடுக்கறயா?"

பூவிழி குரலை உயர்த்தவில்லை. "மாத்திடறேனுங்க சார். எப்படி நிக்கணும்னு ஒருவாட்டி நீங்களே காட்டிருங்க. உங்களுக்கு டீ சொல்லியிருக்கேன். அது உங்க மேசைக்கு வர்ற வரைக்கும் உங்க ரூம் வாசல்லயே அசையாம நில்லுங்க."

"இதென்ன பெரிய விஷயம்" என்று வேதநாயகம் தன் ரூம் வாசலில் போய் நின்றார். ஒற்றைக் கதவு. அவரோ வாசல் நிறைந்த ஆள்.

டீக்கடை ஆறுச்சாமி கிளாஸோடு வந்தார். "சார், கொஞ்சம் வழி விடுங்க."

"டீ மேசைக்குப் போகாம நான் நகர மாட்டேன்."

"நீங்க நகராம எப்படிங்க சார் மேசைக்குப் போகும்?"

ஆபீஸே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. டீயில் ஆடை படிந்தது. வேதநாயகம் மெதுவாக ஒதுங்கி, பூவிழியைப் பார்க்காமலே, "புரோகிராம் இருந்தபடியே இருக்கட்டும்" என்றார்.

"டீ ஆறிப்போச்சுங்க. வேற கொண்டு வர்றேன்" என்று கிளம்பிய ஆறுச்சாமி, திரும்பிப் பார்த்துச் சொன்னார். "அதுவரைக்கும் சும்மா நிக்காதீங்க சார். வேற வேலை இருந்தா பாருங்க."