ஐந்து நிமிடம் முந்திய பாங்கு

மோதினார் கிதிர் முகம்மதுவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கைப்பிடித்துக் குருவாக ஏற்றுக்கொண்ட, பள்ளிவாசலில் தொழவைக்கும் நூஹு ஹஜ்ரத்துக்கு நாற்பதுகூட முடியவில்லை. ஊருக்கு அதில் ஒரு சிரிப்பு உண்டு. அவர்கள் இருவருக்கும் இல்லை. ஹஜ்ரத் அவரை அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்பார். அவரோ ஹஜ்ரத்தைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவார்.

உப்பளங்கள் சூழ்ந்த சின்ன ஊர் அது. முப்பது வருஷமாக அந்த ஊரைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கிதிர் முகம்மதுவின் தொண்டையிலிருந்துதான் வந்தது. நோன்பு மாதத்தில் ஊரே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய குரலுக்குக் காத்திருக்கும். பாங்கைச் சொல்லி முடித்து, மைக்கை அணைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அவர் தன் நோன்பைத் திறப்பார். அதற்குள் பள்ளிவாசல் முற்றத்தில் பாதிப் பேர் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்திருப்பார்கள்.

இருபத்தெட்டாம் நோன்பன்று, அதிகாலைத் தொழுகை முடிந்து எல்லோரும் போனபின், அவர் ஹஜ்ரத்திடம் கேட்டார்.

“மாசம் முடியப்போகுது ஹஜ்ரத். நாக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லுது. நெஞ்சு சும்மா கிடக்கு. நன்றி செலுத்துறதுன்னா எப்படி?”

ஹஜ்ரத் விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “பெருநாள் கழியட்டும் காக்கா.”

மறுநாள் மாலை பிறை பார்க்கும் நாள். இளவட்டங்களும் பெரியவர்களுமாக நாற்பது ஐம்பது பேர், நோன்பு திறக்கப் பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, மேற்கே உப்பளக் கரைக்குப் போய்விட்டார்கள். முற்றத்தில் கஞ்சி மணந்தது. மைக் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்த மோதினாருக்குப் பகீரென்றது. அது நாலரை மணியிலேயே நின்றுபோயிருந்தது.

ஓட்டமாகத் தன் அறைக்குப் போய் மேசைக் கடிகாரத்தை எடுத்து வந்தார். விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் ஊரை எழுப்பப் பிந்திவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு நோன்பு மாதமும் அந்தக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் கூட்டி வைப்பது அவர் வழக்கம். எத்தனை வருஷத்து வழக்கம்! அந்த அவசரத்தில் அது மட்டும் நினைவில் வரவில்லை.

பாங்கு சொன்னார். ஊர் வாய் திறந்தது.

உப்பளக் கரையிலிருந்து ஒருவன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான்.

“துப்புங்க, துப்புங்க! சூரியன் இன்னும் நிக்குது!”

முற்றம் உறைந்தது. யாரோ கஞ்சியைத் துப்பினார்கள். சின்னப் பிள்ளை ஒன்று அழுதது. மைக் அறை வாசலில் மேசைக் கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி மோதினார் நின்றார்.

உதுமான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். “எங்க உம்மாவுக்கு எண்பது வயசு. டாக்டர் வேண்டாம்னும் கேக்காம இருபத்தொம்பது நாளும் பிடிச்சாங்க. வீட்டுல உங்க சத்தத்தைக் கேட்டுத் திறந்துட்டாங்க. போய் நீங்களே சொல்லுங்க, நோன்பு பாழாப்போச்சுன்னு!”

“இவருக்குப் பசி பொறுக்கல போல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

ஹஜ்ரத் எழுந்தார். “தெரியாம நடந்தது. இன்னைக்கு நோன்புக்குப் பதிலா ஒரு நோன்பு வைக்கணும், அவ்வளவுதான். நான் பெருநாளுக்கு மறுநாள் வைக்கிறேன். வசதிப்பட்டவங்க என்னோட வைக்கலாம்.”

கொஞ்ச நேரத்தில் பிறை தெரிந்தது. நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு. ஊர் குதித்தது. மோதினார் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெருநாளன்று பாங்கு சொல்ல வேறொருவர் நின்றார். புதுச்சட்டை போட்ட கூட்டத்தில் கடைசி வரிசையில் தொழுதுவிட்டு, யாரையும் கட்டித் தழுவாமல், கிதிர் முகம்மது வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவரும் நோன்பு வைத்தார். மாலை ஐந்தரை மணிக்குத் துணிப்பையுடன் ஹஜ்ரத் முன்னால் வந்து நின்றார். பள்ளிவாசல் சாவியை எடுத்து வைத்தார்.

“மக வீட்டுக்குப் போறேன் ஹஜ்ரத். ஆறு மணி பஸ்ஸு. இனி இந்த ஊருல என் சத்தத்தை யாரு நம்புவா?”

ஹஜ்ரத் சாவியைத் தொடவில்லை. “போறதுக்கு முன்னால என்னை உப்பளக் கரை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க காக்கா.”

“பஸ்ஸு போயிடும்.”

“நாளைக்கும் பஸ்ஸு வரும்.”

நடந்தார்கள். ஹஜ்ரத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பாத்திகளில் தேங்கிய நீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. வரப்போரம் வெள்ளைக் குவியல்களாக உப்பு. சூரியன் ஒரு பனை உயரத்தில் இருந்தது.

“இத நின்னு பார்த்து எத்தனை நாளாச்சு காக்கா?”

மோதினார் யோசித்தார். “மைக்கு வந்ததுக்கு அப்புறம் பார்க்கல. அதுக்கு முன்னாடி மினாரா மேல ஏறிப் பார்த்துச் சொல்லுவேன். பிறகு கடிகாரந்தான்.”

“இன்னைக்குப் பாருங்க.”

பார்த்தார். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் செம்மண் நிறமாகி, கண் கூசாத ஒரு வட்டம் கீழே இறங்கியது. காற்று ஈர உப்பாக வீசியது. சூரியன் யாருடைய அவசரத்துக்கும் இறங்கவில்லை. பாத்தி நீரில் இன்னொரு சூரியன் அதைச் சந்திக்க மேலேறி வந்தது. முப்பது வருஷமாக இது மறைவதை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், இதன் முகத்தை மறந்திருந்தார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினார். கரை நெடுக ஆட்கள். கைகளில் பழம், தண்ணீர்ப் புட்டி. கஞ்சி இல்லை, புதுச்சட்டை இல்லை. முன்னால் உதுமான், ஒரு கையில் பழமும் ஒரு கையில் போனுமாக நின்றான்.

“இங்க வந்துதான் திறக்கணும்னு ஹஜ்ரத் சொல்லிட்டாரு. உம்மாவும் இன்னைக்கு வச்சிருக்காங்க” என்றான் தரையைப் பார்த்தபடி. “மோதினார் சத்தம் கேக்காம வாய் திறக்க மாட்டேன்னு அடம். இங்க நீங்க மைக்கு இல்லாம சொன்னா அவங்களுக்கு எட்டாதே. போன்ல லைன்ல இருக்காங்க.”

கிதிர் முகம்மது ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் செந்நிறக் கீற்று உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒருகணம் தயங்கி, மறைந்தது. மோதினார் துணிப்பையைக் கீழே வைத்தார். காதுகளில் கைவைத்துக் குரலெடுத்தார். முதல் வார்த்தை உடைந்தது. இரண்டாவது நிமிர்ந்தது. அதன் பிறகு குரல் பாத்திகளைத் தாண்டிப் போனது. உதுமான் போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

பாங்கு முடிந்தது. மோதினார் கைகளை இறக்கித் திரும்பினார்.

யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாக் கைகளிலும் பழம் அப்படியே இருந்தது.

அவர் மேற்கை மறுபடி பார்த்தார். சூரியன் இல்லை. சந்தேகமே இல்லை, இல்லை. போனிலிருந்து உதுமானின் உம்மா குரல் மட்டும் மெல்லக் கேட்டது. “அவரு திறந்துட்டாரா வாப்பா?”

“ஹஜ்ரத்...” அவர் குரல் இறங்கியது. “நேரம் தப்பிட்டேனா? ஏன் யாரும் திறக்கல?”

ஹஜ்ரத் தன் கையிலிருந்த பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“நேரம் சரி காக்கா. நீங்க முதல்ல திறங்க. நாங்க காத்திருக்கோம்.”