மிதந்தே மீன் பிடித்த தக்கை

ஒரு கண்மாய்க்கரை ஊரில் ஒரு தூண்டில் இருந்தது. தூண்டில் என்றால் ஒற்றை ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம் அது. மீன் பிடிக்கிறவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது மிதக்கிற தக்கையைத்தான். ஆகவே குடும்பத்துக்குத் தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தக்கை ஒரு பழைய ரப்பர் செருப்பில் வெட்டி எடுத்த துண்டு. சிவப்புச் சாயம் பூசிய நாளிலிருந்து அந்தப் பூர்வீகத்தை யாரும் பேசக் கூடாது என்று சட்டம். ஈயக்குண்டோ முள்ளுக்கு ஒரு சாண் மேலே நரம்பில் கிடந்தது. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, கீழே போவது. அதையும் முழுசாகச் செய்ய விடவில்லை என்பதுதான் அதன் வயிற்றெரிச்சல்.

நடந்தது இதுதான். தை மாதம் தண்ணீர் குளுகுளு என்று இருந்தபோது, தூண்டிலுக்குச் சொந்தக்காரன் ஒச்சப்பன், முள்ளுக்கு இரண்டு முழம் மேலே தக்கையை நிறுத்தி, நரம்பு நழுவாதபடி அதன் ஓட்டையில் ஈர்க்குச்சியால் ஆப்பு வைத்தான். அந்த வாரம் கூடை நிறையக் கெண்டை. அவ்வளவுதான், அந்த இரண்டு முழம் ராசியாகிவிட்டது. ஆப்புக்கு மஞ்சள் தடவினான். உலகமே புரண்டாலும் அதை நகர்த்த மாட்டேன் என்று பெண்டாட்டியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டான்.

சித்திரை வந்தது, கத்திரி வெயில் வந்தது. கண்மாயின் மேல்தண்ணீர் ரசம் மாதிரி கொதித்தது. மீன்களுக்கென்ன பைத்தியமா, மேலே கிடந்து வேக? எல்லாம் மடையை ஒட்டிய பள்ளமான மடைக்குழியின் அடியில், எட்டு முழ ஆழத்துக் குளிர்ச்சியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒச்சப்பன் அதே மடைக்குழியில்தான் தூண்டில் போட்டான். ஆனால் ராசியான இரண்டு முழத்தில் போட்டான்.

நான்கு நாள் வெறுங்கூடை. ஐந்தாம் நாள் காலையில் அவன் பெண்டாட்டி பேச்சி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னைக்கும் வெறுங்கையோட வந்தே, கம்பைப் பீர்க்கங்கொடிக்கு ஊனிருவேன். அந்த ரப்பரை அடுப்புப் பத்தவைக்க எடுத்துக்கிருவேன். ஆமா."

பேச்சி சொன்னால் செய்கிறவள். அன்று மாலைக்குள் ஒரு மீன் வராவிட்டால் தூண்டில் குடும்பம் ஆளுக்கொரு திசை.

போகிற வழியிலேயே ஈயக்குண்டு வாயைத் திறந்தது. "அண்ணாச்சி, மீனெல்லாம் அடியில இருக்கு. நீங்க ஆப்பை விட்டு வழி கொடுத்தா நான் இறங்கிப் பார்த்துட்டு வந்துருவேன்."

தக்கைக்குச் சுருக்கென்றது. நரம்பு தன்னைத் தாண்டி இறங்கிவிட்டால் அப்புறம் தன்னை எவன் பார்ப்பான்? அந்தப் பயத்தை வெளியே சொல்ல முடியுமா? குரலைக் கனமாக்கிக்கொண்டு, "இந்தக் கண்மாயில் மீனே இல்லை. இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? நான் இங்கேயேதானே மிதக்கிறேன்" என்றது. கம்பு ஆமாம் போட்டது. நரம்பும் ஆமாம் போட்டது. முள் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அதன் வாயில் புழு இருந்தது.

மண்புழுவுக்குச் சுறுசுறுப்புப் பத்தாது என்று முதலில் ஒரு குற்றச்சாட்டு வைத்தது தக்கை. ஒச்சப்பனும் எதையாவது மாற்றித்தானே ஆக வேண்டும்? புழுவைக் கழற்றிக் கோதுமைமாவு உருண்டை வைத்தான். அது கரைந்தது. கோழிக்குடல் வைத்தான். அது நாறியது. கடைசியில் புழுவையே திரும்ப வைத்தான். இரண்டு முழம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் தக்கை செய்ததுதான் பெரிய அயோக்கியத்தனம். காற்று லேசாக அடிக்கும்போதெல்லாம் மீன் கடித்த மாதிரி தானே இரண்டு குதி குதித்தது. ஒச்சப்பன் பதறி இழுப்பான். ஒன்றும் இருக்காது. "அட, மயிரிழையில தப்பிருச்சு! பெரிய உருப்படி!" என்று தக்கை சத்தம் போடும். குடும்பமே உச்சுக்கொட்டும். அதைக் கேட்டு ஈயக்குண்டுக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே மீன் புரளுகிற அலை அதன் மேல் மோதிக்கொண்டே இருந்தது. இறங்கத்தான் முடியவில்லை.

உச்சிவேளையில் ஒச்சப்பன் கம்பை மடைக்கல் இடுக்கில் செருகிவிட்டுக் கண்ணசந்தான். வெயிலில் ரப்பர் இளகி, மஞ்சள் தடவிய ஆப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. தக்கைக்கு அது தெரியவே தெரியாது. நரம்பு அதன் வயிற்று ஓட்டை வழியாகச் சரசரவென்று ஓடியது. ஈயக்குண்டு இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று முழம், ஐந்து முழம், எட்டு முழம். கீழே அப்படி ஒரு குளிர்ச்சி. அங்கே இரண்டு கிலோ தேறுகிற ஒரு கெண்டை, இத்தனை நாள் பட்டினியில், புழுவை ஒரே வாயாக விழுங்கியது.

சரியாக அந்த நேரத்தில் தக்கை மேலே அசையாமல் நின்றுகொண்டு, "நான் அப்பவே சொன்னேன், இங்கே மீன் கிடையாது" என்று பேசிக்கொண்டிருந்தது.

கம்பு வில்லாக வளைந்தது. ஒச்சப்பன் அலறிப் புடைத்து எழுந்து இழுத்தான். நரம்பு தூக்கிக்கொள்ள, ஓட்டையில் பிடிப்பில்லாத தக்கை அதன் வழியே சறுக்கிக் கீழே வந்தது. மீன் கரையேறும்போது பார்த்தால், மீனின் வாய்க்கு ஒரு சாண் மேலே தக்கை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஈயக்குண்டு அதன் அடியில் மறைந்துபோயிருந்தது.

ஒச்சப்பன் தக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "என் ராசியான தக்கை" என்றான். பேச்சி பீர்க்கங்கொடிக்கு வேறு கொம்பு பார்த்துக்கொள்ளட்டும் என்றான்.

கூடைக்குள் போனதும் தக்கை, தான் மீன் பிடித்த கதையை ஆரம்பித்தது. எப்படிக் குறி பார்த்தது, எப்படிப் பொறுமை காத்தது என்று அது நீட்டி முழக்க, வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த கெண்டைக்கே அது பொறுக்கவில்லை.

"யாருப்பா நீ? உன்னை நான் பார்த்ததே இல்லையே" என்றது.

தக்கை கொஞ்சமும் அசரவில்லை. குடும்பத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது:

"கேட்டுக்கிட்டீங்களா? மீனுக்கே தெரியாம பிடிச்சிருக்கேன்."