வடக்கு எல்லைக்காரர்

அன்று பகலில் என் மகள் பூதி கெண்டை மீன்களுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். ஏழு முடித்து எட்டாவதைக் கையில் எடுத்தபோது, "உப்பு எங்கம்மா?" என்று கேட்டாள். உறியில் இருக்கிறது என்றேன். எழுந்து கையை உயர்த்தினாள். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சந்தையில் சொல்கிறவர்கள், ஒரு நாட்டில் ஓர் அரசர் இருந்தார், அவருக்கு ஓர் ஆசை வந்தது என்று தொடங்குகிறார்கள். அதுவும் உண்மைதான். கடல் கடந்து வரும் குதிரைகளுக்கு ஆற்றோரம் பெரிய சந்தை வேண்டும் என்று அரசர் ஆசைப்பட்டார். அமைச்சர் வில்லவராயர் எங்கள் நாரைப்படுகையைக் காட்டினார்.

ஆற்றுக்குத் தெற்கே கிடந்த தாழ்ந்த நிலம் அது. ஐப்பசியில் ஆறு அதில் வந்து படுக்கும், தையில் எழுந்து போகும். போகும்போது கோரையையும் மீன்குஞ்சுகளையும் விட்டுவிட்டுப் போகும். நாரையும் கூழைக்கடாவும் அங்கே கூடு கட்டும். நீர்நாய் குட்டிகளோடு திரியும். அதன் தெற்கு விளிம்பில் எங்கள் ஊர். வில்லவராயர் மேற்குப் பாதியில் மண் கொட்டி மேடாக்கினார். இரண்டு பாதியிலும் கால் நீட்டிப் படுத்த ஆற்றுக்கு ஒரு பாதி போதவில்லை. அந்த ஐப்பசியில் ஊருக்குள் வந்தது. பூதியையும் சேர்த்துப் பதினொரு பேர் போனார்கள்.

பங்குனியில் வில்லவராயர் கிழக்குப் பாதியைத் தன் பெயருக்கே கேட்டார். அதுவும் மேடானால் ஊரே மிஞ்சாது. முறையிட எல்லோரும் அரண்மனைக்குப் போனோம். அங்கே விகடம் சொல்லிப் பிழைத்துவந்த நக்கன் என் உடன்பிறந்த அண்ணன். வாயிலில் என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"அழுதா இவங்களுக்குக் காது கேக்காது தங்கச்சி. சிரிச்சாத்தான் கேக்கும். நீ பேசாம நில்லு."

"எனக்குச் சிரிப்பு வராதுண்ணா."

"உனக்கு வேணாம். அவருக்கு வரணும்."

அவையில் வில்லவராயர் எங்களைப் பார்க்காமலே பேசினார். "அரசே, ஆறு என்றும் தன் இடத்தை விட்டு வந்ததில்லை. சென்ற ஐப்பசியில் இவர்கள் வீட்டில் நின்றது வெறும் மழைநீர். வீட்டைப் பள்ளத்தில் கட்டிவிட்டு ஆற்றின்மேல் பழி போடுகிறார்கள்."

பின்னால் நின்ற எங்கள் ஊர் மாசாத்தி, "மழத்தண்ணியா வந்து அடுப்பையும் ஆளையும் இழுத்துக்கிட்டுப் போச்சு?" என்று முணுமுணுத்தாள். காவலன் கோலை ஓங்கினான்.

அந்த நாட்டில் நிலம் கொடுக்க ஒரு முறை உண்டு. பெறுகிறவர் ஓலையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நிலத்தின் நடுவே நிற்க வேண்டும். நான்கு பக்கத்து எல்லைக்காரர்களும் வந்து நிற்க வேண்டும். அவரவர் நிற்கும் இடமே எல்லை. ஒருவர் வராவிட்டாலும் ஓலை செல்லாது.

நக்கன் எழுந்தான். "அமைச்சர் எழுதிய ஓலையை நானும் பார்த்தேன், அரசே. கிழக்கே கோயில் நந்தவனம், பூசகர் வருவார். மேற்கே தங்கள் மேடு, காவலர் வருவார். தெற்கே ஊர்த்தலைவர். வடக்கே ஆறு என்று இருக்கிறது. அவரை யார் அழைத்து வருவது?"

அவை சிரித்தது. வில்லவராயரும் சிரித்தார். "நீயே அழைத்து வா, நக்கா. உன் சொல்லுக்குத்தான் எல்லோரும் ஆடுகிறார்களே!"

"அழைக்கிறேன். ஆனால் அவர் ஐப்பசியில்தான் புறப்படுவார். எந்த நாள் என்று நான்தான் சொல்வேன்."

"வராவிட்டால்?"

"என் நாக்கை அறுத்துக்கொள்ளுங்கள்."

மறுக்க வில்லவராயருக்கு வழியில்லை. ஆறு வராது என்று சற்று முன் சொன்னவர் அவர்தானே. அரசருக்கோ ஐப்பசி வரைக்கும் ஒரு வேடிக்கை கிடைத்தது. ஒப்புக்கொண்டார்.

மலையில் மழை விழுந்தால் மூன்றாம் நாள் ஆறு படுகைக்கு வரும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், தலைநகரில் ஒருவருக்கும் தெரியாது. ஐப்பசியில் மலை கறுத்ததும் நக்கன் அரசருக்கு நாள் சொல்லி அனுப்பினான். நாங்கள் முன்பே ஊருக்குத் தெற்கே போகும் பெருவழி மேட்டில் ஏறிவிட்டோம். அரசரும் அங்கேதான் குடைக்கீழ் அமர்ந்தார். வில்லவராயர் பட்டுடுத்தி, ஓலையைத் தலைமேல் வைத்துப் படுகை நடுவில் நின்றார். வெயில் அடித்தது.

"உன் விருந்தாளி எங்கே?" என்று அங்கிருந்தே கூவினார்.

"புறப்பட்டுவிட்டார், ஐயா. அசையாமல் நில்லுங்கள், அசைந்தால் மரியாதையாக இருக்காது!"

முதலில் கோரை சாய்ந்தது. பிறகு நாரைகள் எழும்பின. பூசகரும் காவலரும் தலைவரும் ஓடி மேடேறினார்கள். ஓலையை இறக்கினால் நிலம் போய்விடும் என்று வில்லவராயர் நின்றார். முழங்கால், இடுப்பு, மார்பு. கழுத்துக்கு வந்தபோது ஓலையை விட்டுவிட்டு அலறினார். என் கணவர்தான் தோணியைத் தள்ளிக்கொண்டு போய் அவரை இழுத்து வந்தார். ஏன் போனீர்கள் என்று நான் அவரைக் கேட்டதில்லை.

தண்ணீர் பெருவழியின் அடியில் வந்து நின்றது. நக்கன் வணங்கினான். "அரசே, வடக்கு எல்லைக்காரர் வந்துவிட்டார். அவர் நிற்கும் இடமே எல்லை. அவருக்குத் தெற்கே மிச்சமிருப்பது தங்கள் சாலை மட்டும். அதை அமைச்சருக்குக் கொடுப்பதானால் கொடுங்கள்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிழக்குப் பாதி இனி யாருக்கும் இல்லை, ஆற்றுக்கே என்றார். "கேள் நக்கா, உனக்கு என்ன வேண்டும்?"

அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு கைகூப்பிச் சொன்னான்: "மேற்கு மேட்டை வெட்டி எடுக்க ஆணையிடுங்கள், அரசே. எங்கள் பதினொரு பேர் அதனால் செத்தார்கள்."

அதுவும் விகடம் என்று நினைத்து அரசர் இன்னும் பலமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

மேற்கு மேடு இன்றும் அங்கேயே இருக்கிறது.