காத்திருக்கும் இணைப்புகள்

தேவசகாயத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று முற்பகலில் சிப்பித்துறை மீனவர் சங்கத்தின் மாடி அறையில் அவர் இரண்டு காதும் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறியிருந்தது. எச்சரிக்கை வரும் முன்பே கடலுக்குப் போன படகுகளில் பாதி இன்னும் திரும்பவில்லை. எந்தப் படகு கரை சேர்ந்தது என்று காட்ட சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் உண்டு. கடலோரக் குடியிருப்புகளில் பெண்கள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தங்கள் வீட்டுப் படகின் பேர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கென்று பார்த்து அந்தப் பக்கம் திறக்கவில்லை.

தேவசகாயம் பல வருடம் சங்கத்து வயர்லெஸ்ஸில் இருந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், அந்த இணையப் பக்கத்தை ஓட்டும் கணினியான சர்வரைப் பராமரிக்கும் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தார். கற்றுக்கொடுத்த நிலோபர் அவரைவிட வெகு இளையவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு வந்தவர் என்பதால் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

"டீச்சர், இந்த அக்கிரமத்தைப் பாருங்க." சர்வருக்குள் வேலையாட்களைப் போல ஓடும் புரோகிராம்களின் பட்டியலைத் திரையில் காட்டினார்.

அடுத்த மேசையில், வயர்லெஸ்ஸில் வரும் படகுப் பேர்களை ஏற்றிக்கொண்டிருந்த நிலோபர் திரும்பினார்.

"சர்வருக்குள்ள வேலை செய்ய இத்தனை ஆள் இருக்கு. எல்லாரும் கை ஒழியாம ஓடுறாங்கன்னு நினைச்சேன். முக்கால்வாசிப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கானுங்க. வெளிய ஜனங்க கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது!"

"சும்மா இல்லை. காத்திருக்காங்க."

"எதுக்கு?"

"பதில் வாங்கினவர் அடுத்து ஏதாவது கேட்பாரான்னு. அதுவரைக்கும் இணைப்பை அறுக்காம பிடிச்சிருக்காங்க. கீப் அலைவ்னு சொன்னேனே, அதுதான்."

"எவ்வளவு நேரம் பிடிச்சிருப்பாங்க?"

"திறந்து பாருங்க."

தேவசகாயம் சர்வரின் அமைப்பைத் திறந்து பார்த்தார். ஐந்து நிமிடம் என்று இருந்தது.

"அஞ்சு நிமிஷமா? எந்த மடையன் வச்சது?"

"எனக்கு முன்னாடி இருந்த கான்ட்ராக்டர். தலைவர் அறையில பெரிய திரை இருக்கே, அதுல பக்கம் சட்டுனு மாறணும்னு கேட்டிருக்காங்க."

தேவசகாயம் மேசையைத் தட்டினார். "தலைவர் திரை சட்டுனு மாறணும். அதுக்காக, புருஷனைக் கடலுக்கு அனுப்பினவ தெருவுல நிக்கணும். இது எந்த ஊர் நியாயம்?"

நிலோபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வயர்லெஸ் கூப்பிட்டது. அவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

தேவசகாயம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அந்த ஏற்பாட்டையே அணைத்துவிட்டார். ஒரு கேள்வி, ஒரு பதில், அத்தோடு இணைப்பு அறுந்துவிட வேண்டும். யாரும் யாருக்காகவும் உட்கார்ந்திருக்க வேண்டாம். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்.

பக்கம் திறந்தது. அவர் போனில் திறந்தது. கீழே ஐஸ் கம்பெனியில் இருந்தவர்கள் போனிலும் திறந்தது. "அப்படிப் போடு!" என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. உப்பாற்றுக் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. பக்கம் பாதியில் நிற்கிறதாம். தலைப்பு வருகிறதாம், பேர் வரவில்லையாம். அடுத்து மணக்காட்டிலிருந்து. அதற்கடுத்து இன்னொரு ஊரிலிருந்து. எல்லாம் சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்கள். முன்பாவது நேரமானாலும் திறந்துகொண்டிருந்ததாம். இப்போது அதுவும் போயிற்றாம்.

நிலோபர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். திரையைப் பார்த்தார்.

"அணைச்சுட்டீங்களா?"

"பின்னே? சும்மா இருக்கிறவனை வீட்டுக்கு அனுப்பினேன். தப்பா?"

"நம்ம பக்கம் ஒரே துண்டா போறதில்லை, அண்ணாச்சி. படகுக்கு ஒரு படம், ஒரு கொடி, ஒரு எண். ஒவ்வொண்ணையும் போன் தனித்தனியாக் கேட்டு வாங்குது. இப்ப ஒவ்வொரு துண்டுக்கும் புதுசா கதவைத் தட்டி, யாருன்னு சொல்லி, உள்ள வரணும். கிட்ட இருக்கிறவங்களுக்கு அது தெரியாது. உப்பாத்துல இருக்கிறவங்களால முடியாது."

தேவசகாயத்தின் காது இன்னும் சிவந்தது. "சரி. எத்தனை நொடி வைக்கணும்னு சொல்லுங்க. இப்பவே போட்டுடறேன்."

நிலோபர் எழுந்துபோய் வெளியே எட்டிப் பார்த்தார். பக்கம் திறக்காத கோபத்தில் பெண்கள் சங்கத்துக்கே வந்துவிட்டிருந்தார்கள். கீழே விசாரணைச் சன்னலில் ஆள் இல்லை.

"நீங்க கீழ போய் உட்காருங்க. வந்த படகு எது எதுன்னு நான் இன்டர்காம்ல சொல்லிக்கிட்டே இருக்கேன். படத்தையெல்லாம் எடுத்துட்டு, வெறும் பேரை மட்டும் ஒரே தாளாப் போட்டு வைக்கிறேன். கொஞ்ச நேரம் தாங்கும்."

"நான் எத்தனை நொடின்னு கேட்டேன், டீச்சர்."

"கேட்டீங்க. போயிட்டு வாங்க."

வேலையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு அனுப்புகிறார் என்றுதான் தேவசகாயத்துக்குத் தோன்றியது. படியில் தடதடவென்று இறங்கினார். சன்னலைத் திறந்ததும் வரிசை மொத்தமும் வந்து கம்பியில் மோதியது.

"ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி!" என்று கத்தினார். "பதில் வாங்கினதும் நகர்ந்துடணும். எல்லாருக்கும் வழி வேணும்."

முதலில் நின்றவள் ரொசாரி. வலைக்கூடத்தில் வேலை செய்பவள்.

"சலேத்மாதா படகு வந்துட்டா?"

"வந்தாச்சு. அடுத்தவங்க."

"பொறும். என் தம்பி கருணைத்துரை படகுல போயிருக்கான்."

"அதுக்கு மறுபடி வரிசையில வாங்க."

ரொசாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சொன்னீரு?"

"ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி."

"ஒரே வீட்டுல இருந்து மூணு பேரைக் கடலுக்கு அனுப்பிட்டு வந்து நிக்கேன். மூணு வாட்டி வரிசையில நிக்கணுமோ? அவங்க மூணு பேரும் ஒரே கடல்லதானய்யா கிடக்காங்க!"

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஒன்றாகச் சத்தம் போட்டார்கள். வந்து நிற்பதற்கே இத்தனை நேரம் ஆகிறது, கேட்பதைக் கேட்டுவிட்டுப் போக விடாமல் இது என்ன சட்டம் என்றார்கள். யாரோ ஒருத்தி கம்பியைப் பிடித்து உலுக்கினாள். தேவசகாயத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைசியில் கையை உயர்த்தினார்.

"சரி, கேளுங்க," என்றார். "எல்லாத்தையும் கேளுங்க."

ரொசாரியின் தம்பி படகு வந்திருந்தது. மகன் போன விண்ணரசி வரவில்லை. அவள் சன்னல் ஓரச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அதன் பிறகு வரிசை ஒழுங்காக நகர்ந்தது. இரண்டு பேர், மூன்று பேர் என்று கேட்டார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது தலைவரின் மைத்துனர் எட்வின் வரிசைக்குள் நுழைந்து சன்னலுக்கு வந்தார். அவருடைய இரண்டு படகும் கரை சேர்ந்திருந்தன. பதில் கிடைத்த பிறகும் சன்னல் திட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இன்னும் என்ன?"

"இருப்பா. யாரையோ கேட்கணும்னு நினைச்சேன். ஞாபகம் வரட்டும்."

"ஞாபகம் வர்ற வரைக்கும் இத்தனை பேரும் நிக்கணுமா?"

"உனக்கென்ன அவசரம்? எங்க சன்னல்தானே."

தேவசகாயம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உங்க சன்னலா? நகருங்கய்யா வெளிய! ரெண்டு படகும் வந்த மனுஷனுக்கு இங்க என்ன வேலை?"

எட்வின் முணுமுணுத்துக்கொண்டே போனார். பெண்கள் "அப்படிக் கேளும்!" என்றார்கள். காலையிலிருந்து முதல் முறையாகத் தேவசகாயத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படித்தான் இருக்க வேண்டும், இதற்கு எதற்குப் படிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவள் ஒல்லியான பெண். உப்பாற்றிலிருந்து வந்தவள், பேர் பிரகாசி. மழையில் நனைந்திருந்தாள்.

"விண்ணரசி..."

"வரலை."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை. பேசவும் இல்லை.

"வேற யாரும் போயிருக்காங்களா?"

பதில் இல்லை. பின்னால் நெருக்கினார்கள். எட்வினை விரட்டிய சூடு தேவசகாயத்துக்கு இன்னும் ஆறவில்லை.

"பதில் சொல்லியாச்சுல்ல? நகரும்மா. இத்தனை பேர் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். திரும்பினாள்.

சுவரோரம் நின்ற ரொசாரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ போகாத. இங்ஙன நில்லு," என்று தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. முந்தானையால் அவள் தலையைத் துடைத்துவிட்டாள். சன்னலில் அடுத்தவள் வந்தாள், பதில் வாங்கினாள், போனாள். அதற்கடுத்தவளும் போனாள்.

இன்னும் நாலைந்து பேர் போயிருப்பார்கள். திடீரென்று கம்பியில் படாரென்று அடி விழுந்தது.

"ஓய் ஆப்பரேட்டர்! இவளுக்கு வாய் வந்துட்டு. கேளும்!"

வரிசை விலகி வழி விட்டது. பிரகாசி திக்கித் திக்கிச் சொன்னாள்.

"விடியக்காலம் எங்க வீட்டுக்காரங்க போன் பண்ணுனாங்க. மணல்தீவு ஓரமா நாலு படகு ஒதுங்கியிருக்காம். விண்ணரசிக்கு இன்ஜின் நின்னுட்டாம். நங்கூரம் பிடிக்கலையாம். கட்டி இழுக்க ஆள் அனுப்பச் சொல்லுன்னாங்க, அதோட அறுந்துட்டு. சங்கத்துக்குப் போன் போட்டா கிடைக்கலை. போன்ல உங்க பக்கத்தைப் பார்க்கலாம்னா அதுவும் திறக்கலை. ஒருவேளை அதுக்குள்ள வந்துட்டாங்களோன்னுதான் முதல்ல கேட்டேன். வரலைன்னீங்களா... அதுக்குப் பிறகு எனக்கு நாக்கு எழும்பலை."

தேவசகாயம் இன்டர்காமைப் பிடுங்கினார். மணல்தீவு என்ற சொல் மாடிக்குப் போனது, மாடியிலிருந்து கடலோரக் காவலுக்குப் போனது. கரையில் நின்ற பெரிய விசைப்படகு ஒன்றும் வடத்தோடு கிளம்பியது.

ரொசாரி சன்னலுக்குள் குனிந்தாள். அவள் மகனும் அதே விண்ணரசியில்தான் இருந்தான்.

"இவ அப்படியே உப்பாத்துக்குத் திரும்பிப் போயிருந்தா?" என்றாள். கோபத்தில் கம்பியை உலுக்கினாள். "சொல்லும். போயிருந்தா?"

தேவசகாயம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்தவங்க," என்று சொல்லப் பார்த்தார். அவருக்கும் நாக்கு எழும்பவில்லை.

சாயங்காலம் நாலு படகும் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைக்குள் வந்தன. விண்ணரசியை வடம் கட்டி இழுத்து வந்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. ஆள் சேதம் இல்லை. துறையில் எழுந்த கூச்சல் சங்கத்து மாடிவரைக்கும் கேட்டது.

தேவசகாயம் படியேறி வந்தார். நிலோபர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வெறும் பேர்கள் கொண்ட பக்கம் எல்லா ஊரிலும் திறந்துகொண்டிருந்தது. அமைப்பில் கீப் அலைவ் நேரத்தை மூன்று நொடி என்று மாற்றியிருந்தார்.

"மூணா? இதுதான் சரியான கணக்கா?"

"இல்லை. இன்னைக்குத் தாங்கும்."

தேவசகாயம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எட்வின் சன்னல்ல பேசாம நின்னான். பிரகாசியும் பேசாமத்தான் நின்னா. கண் முன்னால பார்த்த எனக்கே ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரிஞ்சாங்க. சர்வருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்போ அஞ்சு நிமிஷம் வச்சாலும் அநியாயம். மூணு நொடி வச்சாலும் அநியாயம்."

"ஆமா."

"என்ன டீச்சர், இவ்வளவு லேசா ஆமாங்கறீங்க!" அவர் குரல் உயர்ந்தது. "ரொசாரி அவளைப் போகச் சொல்லலை. சன்னலை அடைச்சுக்கிட்டும் நிக்க விடலை. ஓரமா நிறுத்திக்கிட்டா. வாய் வந்ததும் கூப்பிட்டா. வரிசை பாட்டுக்கு ஓடுச்சு. அந்த மாதிரி இதுல ஒரு ஆளை வைக்க முடியாதா? காத்திருக்கிற இணைப்பையெல்லாம் ஒருத்தன் சேர்த்துப் பார்த்துக்கணும். மத்தவங்க கை காலியா இருக்கணும். யாரு கேள்வி கேட்கிறாங்களோ, அவங்களுக்கு மட்டும் அப்ப ஒரு ஆள் போகணும்."

"முடியும்."

"முடியுமா?"

"முடியும். நிறைய இடத்துல அப்படித்தான் ஓடுது."

தேவசகாயம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இரண்டு காதும் மறுபடி சிவந்துவிட்டன. "முடியும்னா ஏன் வைக்கலை? இத்தனை நாளும் ஏன் வைக்கலை?"

"சர்வர் ஓடுற முறையையே மாத்தணும். ஒரு நாள் பக்கத்தை மூடி வைக்கணும். ஆடி மாசம் சங்கக் கூட்டத்துல எழுந்து கேட்டேன். பக்கம் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மூடணும்னுட்டாங்க."

"யாரு? எந்தப் பய சொன்னான்? தலைவரா? எட்வினா? பேரைச் சொல்லுங்க. இப்பவே போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"ரெண்டு பேர் சொன்னாங்க. மத்தவங்க எல்லாம் உட்கார்ந்திருந்தாங்க." நிலோபர் குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். "நீங்களும் கூட்டத்துல இருந்தீங்க."

"இருந்தேன். ஆனா நான் ஒண்ணும் சொல்லலையே, டீச்சர்!"

"ஆமா, அண்ணாச்சி," என்றார் நிலோபர். "நீங்க ஒண்ணும் சொல்லலை."