ஐந்தாம் சுரத்தை நாலென்ற தவளை

அல்லிக்குளத்தில் ஒரு நீர்க்கோழி தன் மூன்று குஞ்சுகளோடு இருந்தது. அதே குளத்தில் ஒரு தவளையும் இருந்தது. அது தனக்குத்தானே 'சுரப்புலி' என்று பட்டம் சூட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரும் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கரையோர மருதமரத்தில் ஒரு மைனா காவல் இருந்தது. ஆபத்து வந்தால் அது இரண்டே சுரம் பாடும். 'ச'வில் தொடங்கி நாலாம் சுரமான 'ம'வுக்குத் தாவினால் கோரைப்புல்லுக்குள் பாம்பு. எல்லாரும் வெட்டவெளிக்கு ஓட வேண்டும். ஐந்தாம் சுரமான 'ப'வுக்குத் தாவினால் வானத்தில் பருந்து. எல்லாரும் கோரைக்குள் ஒளிய வேண்டும்.

நீர்க்கோழிக்குச் சங்கீதம் அவ்வளவாக வராது. குளத்துப் படியில் படிக்கு ஒரு சுரமாக ச, ரி, க, ம, ப என்று முனகியபடி ஏறி ஏறிப் பழகும். அதைப் பார்த்தால் தவளைக்குச் சிரிப்பு வரும்.

"சுரத்தைக் கண்டுபிடிக்கப் படியேறணுமா? மைனாவோட 'ம' எந்த உயரம், 'ப' எந்த உயரம்னு எனக்கு மனப்பாடம். ரெண்டாவது சுரத்தைக் கேட்டாலே சொல்லிடுவேன்!"

"எனக்கு எண்ணினாத்தான் தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு நீர்க்கோழி மறுபடி ஏறும்.

ஒருநாள் மைனா வேறு காட்டுக்குக் குடிபோய்விட்டது. காவலுக்குக் கரிச்சான் வந்தது. அதற்குக் கட்டைக்குரல். அதன் 'ச'வே மைனாவின் 'ச'வைவிடத் தாழ்ந்திருந்தது.

மறுநாள் காலையில் கரிச்சான் இரண்டு சுரம் பாடியது.

"நாலு!" என்று கத்தியது தவளை. "மைனாவோட 'ம' இருந்த அதே உயரம்! கோரையில பாம்பு! எல்லாரும் வெளியே வாங்க!"

குஞ்சுகள் வெளியே ஓடக் கிளம்பின.

"நில்லுங்க!" என்றது நீர்க்கோழி. தப்பாக எண்ணினால் மூன்றும் போய்விடும். கரிச்சானின் 'ச'வைப் பிடித்துக்கொண்டு மெல்ல முனகியது. ச, ரி, க, ம... இன்னும் எட்டவில்லை. ப!

"அஞ்சு! கோரைக்குள்ள போங்க! அண்ணே, நீங்களும் வாங்க!"

"அடி அசடே! என் காது பொய் சொல்லுமா?" என்று தவளை வெட்டவெளியில் போய் உட்கார்ந்தது. "நாலுதான்! நாலே..."

பருந்து அதைப் பேசி முடிக்க விடவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை காதாலும் கெட்டது.

தொடங்கிய இடத்தைப் பார்க்காமல் சேர்ந்த இடத்தை மட்டும் வைத்து அளப்பவன், எவ்வளவு கற்றிருந்தாலும் தவறாகவே அளப்பான்.