நான்கு கிண்ணங்களில் வெந்தயம்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அதன் மாடியில் வடக்குப் பார்த்த ஓர் அறை. அங்கே டீயைக் குடிப்பதில்லை. உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிடுவார்கள். அதுதான் வேலை.

அறைக்குப் பொறுப்பு ஜெசிந்தா. வயது முப்பத்தெட்டு. அவளிடம் வேலை பழக வந்தவர் ஆண்டியப்பன். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தொன்பது வருஷம் கீழே, இலை உலர்த்தும் எந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். நெஞ்சில் தூசி இறங்கிவிட்டது, இனிமேல் கீழே நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில் தேறினால் வேலை உண்டு. தேறாவிட்டால் வீடு. பதினோரு மாதம் பழகியாயிற்று. இன்றோடு கெடு முடிகிறது.

மேஜைமேல் ஐந்து வெள்ளைக் கிண்ணங்கள் இருந்தன. கனடாக்காரர் ஒருவர், அவர் ஊர் மேப்பிள் மரத்துப் பாகின் மணம் சேர்த்த இலைத் தேயிலை கேட்டிருந்தார். ஐந்து இடங்களில் மேப்பிள் எசன்ஸ் வாங்கி, ஒரே இலையில் தனித்தனியாகக் கலந்து, ஐந்து மாதிரி செய்து வைத்திருந்தார்கள். எது சரி, எது சரியில்லை என்று பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கீழே அனுப்ப வேண்டும்.

"மரம் அவங்க ஊர்ல, டீ நம்ம ஊர்ல. ரெண்டையும் சேர்த்து அவங்களுக்கே அனுப்பணுமாக்கும்" என்றார் ஆண்டியப்பன். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

"கை ஏன் அண்ணே இப்படி ஆடுது? கரண்டி கிண்ணத்துல தாளம் போடுது."

"குளிர், மேடம்."

"நெத்தி வேர்க்குதே."

அவர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இந்த மேப்பிளை நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல. தின்னாத ஒண்ணோட ருசியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தண்ணி கொதிச்சிருச்சு" என்றாள் ஜெசிந்தா.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ருசி பார்த்ததும் பேசக் கூடாது. தோன்றியதைச் சீட்டில் எழுதிக் கிண்ணத்தின் அடியில் செருகிவிட வேண்டும். இருவரும் எழுதிய பிறகுதான் பேச்சு. கனடாக்காரர் கடிதத்தோடு அனுப்பிய சின்னப் பாட்டில் மேப்பிள் பாகும் அதுவரை அலமாரிக்குள் இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை நாளில் வெங்காயம், பூண்டு, பெருங்காயம், வெந்தயம் எதுவும் வாயில் படக் கூடாது.

ஜெசிந்தா காலையிலேயே பார்த்து எழுதி முடித்திருந்தாள். ஐந்து கிண்ணத்திலும் புதிதாக டீ போட்டுவிட்டு, அவள் ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டாள். ஆண்டியப்பன் முதல் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சினார்.

வெந்தயம்.

துப்பினார். வெந்நீரில் வாய் கொப்பளித்தார். இரண்டாவது கிண்ணம். வெந்தயம். மூன்றாவதில் கொஞ்சம் குறைவு, ஆனால் வெந்தயம். நான்காவதில் மூக்கை வைத்ததுமே வந்துவிட்டது.

மூன்று வாரமாக அவருக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. ஜெசிந்தாவிடமும் அதைச் சொல்லியிருந்தார். விடிந்ததும் அவர் மனைவி பாக்கியம் ஊறவைத்த வெந்தயம் ஒரு கரண்டி நீட்டுவாள். வேலை போய்விடும் என்று மறுத்துவந்தார். "ஆளே போயிட்டா வேலை எதுக்கு?" என்று இன்று காலை அவள் அழுதாள். தின்றுவிட்டார். பிறகு மூன்று முறை பல் தேய்த்தார்.

ஐந்தாவது கிண்ணம். வெந்தயம் இல்லை. கருகிய சர்க்கரை மட்டும். அப்பாடா, வாய் தெளிந்துவிட்டது என்று நினைத்தார். மறுபடி முதல் கிண்ணத்துக்குப் போனார்.

வெந்தயம்.

சுவரில் கனடாக்காரரின் கடிதம் குத்தியிருந்தது. மேப்பிள் எப்படி இருக்கும் என்று அதில் அவர் எழுதியிருந்தார். மரத்தின் இனிமை, தேனின் கனம், தூரத்துப் புகை. ஆண்டியப்பன் ஓரக்கண்ணால் அதைப் படித்தார். ஐந்து சீட்டிலும் அதையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதினார். செருகினார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம்."

ஜெசிந்தா சீட்டுகளை எடுத்தாள். தன் சீட்டுகளை அவற்றின் பக்கத்தில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை.

"ரெண்டு பேரும் ஒண்ணு போலத்தான் எழுதியிருக்கோம். அஞ்சும் சரி."

"அப்போ நான்?"

"தேறிட்டீங்க அண்ணே. வீட்ல சொல்லுங்க, பாயசம் வைக்கட்டும். சர்க்கரை இல்லாம."

ஆண்டியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வார்த்தைக்காகப் பதினோரு மாதம் காத்திருந்தார். வந்துவிட்டது. சுவரில் இருந்த கடிதத்தின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

அவள் அறிக்கைத் தாளை எடுத்தாள். "இது கீழே போனதும் எசன்ஸ் கலக்க ஆரம்பிச்சிருவாங்க. ரெண்டு டன் இலை. கலந்தா கலந்ததுதான். பிரிக்க முடியாது." பேனாவைத் திறந்தாள். தேதி எழுதினாள்.

ஆண்டியப்பன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று என்று எழுதினாள். புள்ளி வைத்தாள்.

"மேடம், நில்லுங்க."

"என்ன?"

"எனக்கு ஒண்ணுலயும் மேப்பிள் தெரியல."

பேனா நின்றது.

"காலைல வெந்தயம் தின்னேன் மேடம். சர்க்கரைக்கு. வாயெல்லாம் அதுதான். கடிதத்தைப் பார்த்து எழுதிட்டேன். அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

"எல்லாக் கிண்ணத்துலயும் வெந்தயமா?"

"நாலுல."

"அஞ்சாவதுல?"

"அதுல இல்ல. அது வெறும் கருகின சர்க்கரை."

ஜெசிந்தா எழுந்தாள். எசன்ஸ் எதுவும் சேராத அதே இலையில் புதிதாக ஒரு கிண்ணம் போட்டாள். ஆறு நிமிஷம் ஊறவிட்டாள். ஆண்டியப்பன் இரண்டு முறை வாசலைப் பார்த்தார். அவள் கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"குடிங்க."

உறிஞ்சினார்.

"இதுல வெந்தயம் இருக்கா?"

"இல்ல."

"இன்னொரு தடவை."

உறிஞ்சினார். "இல்ல மேடம். சுத்தமா இல்ல."

"வாயில இருந்தா இதுலயும் இருக்கணுமே."

அவள் அலமாரியைத் திறந்து அந்தச் சின்னப் பாட்டிலை எடுத்தாள். கரண்டி நுனியில் ஒரு சொட்டு விட்டு நீட்டினாள். ஆண்டியப்பன் அதை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"மேடம், இது எங்க வீட்டு டப்பா வாசம். வெல்லத்துல வெந்தயத்தை ஊறப்போட்ட மாதிரி இருக்கு. இதுவா மேப்பிள்?"

ஜெசிந்தாவும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். தலையை மெல்ல ஆட்டினாள்.

"பாட்டில் வந்த அன்னைக்கே இதைப் பத்துத் தடவை நக்கிப் பார்த்தேன். எங்கேயோ தெரிஞ்ச ருசி. பேர் மட்டும் வரல. கனடாச் சாமானாச்சே, நமக்கு எப்படித் தெரியும்னு விட்டுட்டேன்."

"அஞ்சாவது கிண்ணம் உங்களுக்குச் சரியாவா இருந்துச்சு?"

"இல்ல. ஏதோ இடறுச்சு. சொல்ல வார்த்தை கிடைக்கல." அவள் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினாள். மரத்தின் இனிமை, தேனின் கனம், தூரத்துப் புகை. "நானும் சுவரைத்தான் பார்த்தேன்."

பத்துச் சீட்டுகளையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். புதிய தாள் ஒன்றை எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணே. நீங்க சொல்றதை எழுதறேன்."

"மேடம், நான் வழக்கத்தை மீறினவன். பொய் வேற எழுதியிருக்கேன்."

"அதுக்கு இந்த வாரம் பூரா கிண்ணம் நீங்கதான் கழுவணும். இப்போ சொல்லுங்க. கீழே ஆள் காத்துக்கிட்டிருக்கு."

அவர் மறுபடி ஒவ்வொரு கிண்ணமாக உறிஞ்சினார். ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதினாள்.

ஒன்று, இரண்டு, நான்கு: வெந்தயமும் வெல்லமும். மூன்று: அதுவே, சற்று மெலிவு. ஐந்து: கருகிய சர்க்கரை. மேப்பிள் இல்லை. கலக்க வேண்டாம்.

தாளின் கடைசி வரியில் 'சுவைத்தவர்' என்று அச்சடித்திருந்தது. இத்தனை நாளும் அங்கே அவள் பெயர்தான் இருக்கும். தாளை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள்.

"என் பேரா?"

"யார் நாக்கோ அவங்க பேர்."

ஆண்டியப்பன் பேனாவை வாங்கினார். முதல் எழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் மறுபடி அந்தப் பயம்.

"மேடம், இந்தத் தாள் கனடாவுக்கும் போகுமில்ல?"

"போகும்."

"வெந்தயம்னு எழுதினா சிரிப்பாரே. அந்த மனுஷன் அதைத் தின்னே இருக்க மாட்டார். அவருக்கு எப்படி மேடம் புரியும்?"

ஜெசிந்தா ஈரக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் பக்கம் தள்ளினாள்.

"அந்த ஊர்லயும் கடை இருக்கும் அண்ணே. ஒரு பிடி வாங்கி மென்னு பார்க்கட்டும்."